சிறு செயற்கூறுகளின் கொடை: ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் நீட்சி மரபு குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1976–2023)

ஆய்வுச்சுருக்கம்

ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி, பலர் தத்தம் தேவைக்கென எழுதிய சிறு மேக்ரோக்களின் தொகுதியாக 1976-இல் தோன்றியது. பயனர் ஒருவர் தமக்கென எழுதிய சில வரிச் செயற்கூறு, பிறர் அனைவருக்கும் உரியதாக மாறும் வழிமுறை அன்று முதல் பலமுறை மாறிவந்துள்ளது. அம்மாற்றங்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுதுவதற்கு எளிதாக இருப்பதே ஒரு செயற்கூறு பிறருக்குக் கொடுக்கப்படாமைக்கு முதற்காரணமாகிறது என்பதும், கொடை சிறிதாயினும் கொடுப்பதற்கான செலவு சிறிதாவதில்லை என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஈமாக்ஸ், உரைத்தொகுப்பி, நீட்சி, செயற்கூறு, கட்டற்ற மென்பொருள், பதிப்புரிமை ஒப்படைப்பு, தமிழ் உள்ளீட்டு முறை.

முன்னுரை

எழுதிக்கொண்டிருக்கும் வரியை அப்படியே அதன்கீழ் இன்னொரு முறை இட்டுத்தரும் கட்டளை, குனு ஈமாக்ஸில் 2023 ஜூலையில் வெளிவந்த 29.1 பதிப்பில்தான் இடம்பெற்றது. திறந்திருக்கும் கோப்பின் பெயரை அங்கிருந்தபடியே மாற்றும் கட்டளையும் அதே பதிப்பில்தான் வந்தது. குனு ஈமாக்ஸ் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய ஆண்டு 1985. இடைப்பட்ட 38 ஆண்டுகளும் இவ்விரு வசதிகளும் இன்றிப் பயனர்கள் துன்புற்றனர் என்று கருதிவிடலாகாது. வேண்டியவர்கள் அவற்றை ஐந்தாறு வரிகளில் தாமே எழுதித் தத்தம் தொடக்கக் கோப்பில் வைத்துக்கொண்டனர். ஒரே செயற்கூறு உலகின் பல மூலைகளில் பல்லாயிரம் கைகளால் தனித்தனியே எழுதப்பட்டது. எழுதியவர் கோப்பிலேயே தங்கியது.

திறந்த மூல மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் பெருநிரல்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இயங்குதளம், உலாவி, தரவுத்தளம் என்னும் பேருருக்களே அதில் பேசப்படுகின்றன. பத்து வரிச் செயற்கூறு ஒன்றை எழுதி, அதை ஒரு நீட்சிக்கு அனுப்பிவைத்த பயனரின் இடம் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பளவே. ஈமாக்ஸ் இதற்கு விலக்கானதொரு களம். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்த செயற்கூறுகளால் ஆனது. அச்செயற்கூறுகளைப் பயனர் எவரும், தொகுப்பி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, திறந்து படிக்கலாம், மாற்றலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். எனவே சிறுகொடையின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு ஈமாக்ஸைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

டீகோ மேக்ரோக்களும் அவற்றின் சிதறலும்

ஈமாக்ஸின் வேர் டீகோ என்னும் பழைய தொகுப்பியில் உள்ளது. டான் மர்ஃபி 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினிக்காக அதை எழுதினார். துளையிட்ட தாள்நாடாவில் இருந்த உரையைத் திருத்துவதே அதன் முதற்பணி. டீகோவில் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எழுத்து. அவ்வெழுத்துகளைத் தொடராக அடுக்கினால் அத்தொடரே ஒரு நிரலாகிவிடும். இவ்வாறு அடுக்கப்பட்டவை மேக்ரோக்கள் எனப்பட்டன. தொகுக்கும் கருவியும் நிரல்மொழியும் ஒன்றேயாக இருந்தமை டீகோவின் தனித்தன்மை. அதன் மேக்ரோக்களை எழுதியவரைத் தவிரப் பிறர் படித்தறிதல் கடினம் என்பது அதன் குறை.

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1972-இல் கார்ல் மிக்கெல்சன் டீகோவுக்குத் திரைவழித் திருத்தும் முறையைச் சேர்த்தார். பின்னர் ரிச்சர்டு ஸ்டால்மன், விசைப்பலகையின் எவ்விசையோடும் ஒரு மேக்ரோவைப் பிணைக்கும் வசதியை ஏற்படுத்தினார். இம்மாற்றம் தோற்றத்தில் சிறிது, விளைவில் பெரிது. அதுவரை கட்டளையாக எழுதி இயக்கவேண்டியிருந்த மேக்ரோ, இப்போது ஒரு விசையழுத்தில் இயங்கியது. ஆய்வகத்தினர் ஒவ்வொருவரும் தமக்கேற்ற மேக்ரோக்களை எழுதத் தொடங்கினர். டெக்மாக், டிமாக்ஸ் முதலிய மேக்ரோத் தொகுதிகள் உருவாயின.

விளைவு என்ன? ஒரே ஆய்வகத்தில், ஒரே கணினியில், ஒரே பெயருடைய தொகுப்பி ஆளுக்கொரு விதமாக இயங்கியது. ஒருவர் அமைத்துவைத்த தொகுப்பியில் மற்றவர் கைவைத்தால், பழகிய விசை பழகாத வேலையைச் செய்தது. எளிதில் எழுதமுடிந்தமையால் எழுதினர். எழுதியதைப் பொதுவாக்க எவருக்கும் கட்டாயம் இல்லாமையால் பொதுவாக்கவில்லை. 1976-இல் கை ஸ்டீல் இம்மேக்ரோக்களைத் திரட்டி, ஒரே ஒழுங்கில் அமைக்கும் பணியைத் தொடங்கினார். டேவிட் மூனும் பிறரும் துணைநின்றனர். ஸ்டால்மன் அப்பணியை ஏற்று நிறைவேற்றினார். தொகுக்கும் மேக்ரோக்கள் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக 'ஈமாக்ஸ்' என்னும் பெயர் அமைந்தது.

ஈமாக்ஸைத் தனியொருவரின் கண்டுபிடிப்பாகக் கூறும் வழக்கு பரவலாக உள்ளது. மேற்கண்ட செய்திகளை நோக்கின், அதனைத் தொகைநூல் என்பதே பொருந்தும். பலர் பாடிய தனிப்பாடல்களைத் திணையும் துறையும் வகுத்து ஒருங்கமைத்த தொகுப்பாசிரியரின் பணி போன்றதே ஸ்டீலும் ஸ்டால்மனும் ஆற்றிய பணி. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டவேண்டியதில்லை. தொகைநூலின் பாடலைப் படிப்பவர் திருத்தி மீண்டும் சேர்ப்பதில்லை.

திருப்பித்தரும் கடப்பாடு

சிதறல் மீண்டும் நேராதிருக்க ஸ்டால்மன் ஒரு நிபந்தனை விதித்தார். ஈமாக்ஸின் படியைப் பெறுவோர், தாம் செய்யும் திருத்தங்களையும் நீட்டிப்புகளையும் அவருக்குத் திருப்பித் தரவேண்டும். அவை அடுத்த வெளியீட்டில் சேர்க்கப்பட்டு அனைவருக்கும் வழங்கப்படும். இவ்வேற்பாட்டை அவர் 'ஈமாக்ஸ் கம்யூன்' எனக் குறிப்பிட்டார். ஆய்வகக் குறிப்பாக 1979-இலும், திருத்திய வடிவில் 1981-இலும் வெளிவந்த அவருடைய கட்டுரை இவ்வேற்பாட்டை விளக்குகிறது. நீட்டிப்புக்கும் தனிப்பயனாக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் அக்கட்டுரை தெளிவுபடுத்துகிறது. முன்பே உள்ள அமைப்புகளுள் ஒன்றைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வது தனிப்பயனாக்கம். தொகுப்பி அறியாத புதியதொரு செயலை அதற்குக் கற்பிப்பது நீட்டிப்பு.

ஒவ்வொரு செயற்கூறும் தன்னைப் பற்றிய விளக்கவுரையைத் தன்னுடனேயே கொண்டிருக்கவேண்டும் என்பது அக்காலத்திலேயே நிலைபெற்ற மரபு. பயனர் ஒரு விசையைச் சுட்டி, இது என்ன செய்யும் என்று தொகுப்பியிடமே கேட்கலாம். இம்மரபைத் தொழில்நுட்ப நயமாக மட்டும் கண்டு பலர் கடந்துசெல்கின்றனர். உண்மையில் இது கொடையின் இலக்கணம். டீகோ மேக்ரோவின் எழுத்துக்கோவையை எவரும் படிக்க இயலாத நிலையில், விளக்கவுரை இல்லாத செயற்கூறு கொடுக்கப்பட்டாலும் பெறப்பட்டதாகாது.

கொடுப்போர் நிரலாளராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பெர்னார்டு கிரீன்பெர்க் 1978-இல் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமாக்ஸை மேக்லிஸ்ப் மொழியில் எழுதினார். அவருடைய அலுவலகத்தின் செயலர்கள்கூட அதற்குப் புதிய கட்டளைகளை எழுதக் கற்றுக்கொண்டனர் என்று ஸ்டால்மன் 2002-இல் ஆற்றிய உரையொன்றில் நினைவுகூர்கிறார். அவர்களுக்குத் தரப்பட்ட கையேட்டில், அவர்கள் செய்வதன் பெயர் நிரலாக்கம் என்று சொல்லப்படவில்லையாம். 'நிரலாக்கம்' என்னும் சொல்லே ஒரு மதில் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அச்செயலர்களின் பெயர்களோ அவர்கள் எழுதிய கட்டளைகளோ இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது.

கம்யூனின் வலிமை நம்பிக்கை. அதன் நலிவும் அதுவே. ஜேம்ஸ் காஸ்லிங் 1981-இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென சி மொழியில் ஓர் ஈமாக்ஸை எழுதிப் பலருக்கும் வழங்கினார். 1983-இல் அதன் உரிமை யுனிபிரஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்டால்மன் தாம் எழுதத் தொடங்கியிருந்த குனு ஈமாக்ஸில் காஸ்லிங்கின் நிரலின் ஒரு பகுதியைப் பயன்படுத்தியிருந்தார். உரிமை பற்றிய சிக்கல் எழவே, 1985-இல் அப்பகுதியை நீக்கித் தாமே புதிதாக எழுதினார். திறந்த கைகளால் கொடுக்கப்பட்டது பின்னொருநாள் மூடப்படலாம் என்பதை ஈமாக்ஸ் உலகம் உணர்ந்த இடம் இது.

குனு ஈமாக்ஸின் உரிமம் ஒரு முக்கியமான வகையில் கம்யூனிலிருந்து மாறுபட்டது. 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின்படி, மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்குபவர் அதே உரிமையோடு வழங்கவேண்டும். ஆனால் தமக்கென எழுதியதைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர் எவருக்கும் அனுப்பவேண்டியதில்லை. திருப்பித்தரும் கடப்பாடு நீங்கி, கொடாதிருக்கும் உரிமை அவ்விடத்தில் வந்தமர்ந்தது. பயனரின் தன்னுரிமை நோக்கில் இது சரியான மாற்றமே என்பது கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் 1976-இல் தீர்க்கப்பட்ட சிதறல் மீண்டும் தோன்ற வழிதிறந்ததும் இம்மாற்றமே. முன்னுரையில் கண்ட 38 ஆண்டுக் காலத்தின் ஒரு பகுதி விடை இங்குள்ளது.

பதினைந்து வரிகள்

கடப்பாடு நீங்கிய பின்னர்க் கொடை முழுவதும் கொடுப்பவரின் விருப்பம் ஆயிற்று. அவ்விருப்பத்தின்முன் ஒரு தாள் நின்றது.

ஈமாக்ஸின் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன்பால் ஒருங்கே வைத்திருக்க முயன்றுவருகிறது. அறக்கட்டளை தொடங்கப்பட்டது 1985-இல். குறிப்பிடத்தக்க அளவு நிரலைத் தருவோர், அதன் பதிப்புரிமையை எழுத்துவழி அறக்கட்டளைக்கு ஒப்படைக்கவேண்டும். ஒருவர் உரிமத்தை மீறினால் வழக்குத் தொடர உரிமையாளர் ஒருவராக இருப்பது எளிது என்பது அறக்கட்டளை தரும் காரணம். ஒப்படைத்தவர் தம் நிரலைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தம் அவருக்கே திருப்பி அளிக்கிறது; நிரல் எக்காலமும் கட்டற்றதாகவே வழங்கப்படும் என்னும் உறுதிமொழியும் அதில் உண்டு. யுனிபிரஸ் நிகழ்வின் பின்னணியில் வைத்துப் பார்த்தால் இவ்வச்சமும் இவ்வேற்பாடும் விளங்கும்.

அப்படியாயின், மூன்று வரித் திருத்தம் அனுப்புபவரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டுமா? இங்கேதான் பதினைந்து வரிக் கணக்கு வருகிறது. குனு திட்டத்தின் பராமரிப்பாளர்களுக்கான வழிகாட்டி, ஏறத்தாழ 15 வரிக்கு உட்பட்ட மாற்றம் பதிப்புரிமை நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று என்கிறது. ஒரு பெயரை நூறு இடங்களில் ஒரே வகையில் மாற்றுவதும் அவ்வாறே. இத்தகைய மாற்றங்களை ஏற்கும்போது மாற்றப் பதிவேட்டில் 'சிறு மாற்றம்' என்று குறிப்பதும், பின்னர் 'பதிப்புரிமைத் தாள் விலக்கு' என்று குறிப்பதும் ஈமாக்ஸின் வழக்கமாயின.

ஆனால் வழிகாட்டி மேலும் ஒன்றைச் சொல்கிறது: ஒருவரே அனுப்பும் சிறு மாற்றங்கள் கூடிப் பெருமாற்றம் ஆகலாம். ஐந்து வரிகளாக மும்முறை கொடுத்தவர், நான்காம் முறை கொடுக்க வரும்போது அவர்முன் தாள் நீட்டப்படும். ஒருமுறை வந்துபோனவருக்குத் தடையில்லை. மீண்டும் மீண்டும் வருபவருக்கே தடை. அன்போடு தொடர்ந்து கொடுப்பவரையே நிறுத்திக் கேள்வி கேட்கும் விதி இது எனில் மிகையன்று. விதியை வகுத்தோர் இதை விரும்பி வகுக்கவில்லை; சட்டத்தின் தன்மை அத்தகையது.

நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதை ஐக்கிய அமெரிக்கா ஐயத்துக்கு இடமின்றிச் சட்டமாக்கியது 1980-இல்தான். ஈமாக்ஸின் பிறப்பு அதற்கு முந்தியது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984-இல் செய்த திருத்தத்தின்வழிக் கணினி நிரல் இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் வந்தது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணியின் பகுதியாக உருவாகும் படைப்பின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணியமர்த்தியவரே. ஆகவே அலுவலகத்தில் இருப்பவர் தம் தொகுப்பிக்கு எழுதிய செயற்கூறு யாருடையது என்னும் வினா வெற்று வினாவன்று. அறக்கட்டளையும் இதனை அறிந்தே, தேவையான இடத்தில் பணியமர்த்தியவரிடமிருந்தோ கல்வி நிறுவனத்திடமிருந்தோ உரிமை கோராமைக் கடிதம் பெற்றுவரச் சொல்கிறது. இருபது வரி லிஸ்ப் நிரலுக்காகப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துவது என்பது எத்தகைய அலைச்சல் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பயில்வோர்க்கு விளக்கவேண்டியதில்லை.

இத்தாளின் விலை பெரிய அளவில் வெளிப்பட்டது எக்ஸ்ஈமாக்ஸ் பிரிவில். லூசிட் என்னும் நிறுவனம் தன் நிரலாக்கச் சூழலுக்கு மேம்பட்ட ஈமாக்ஸ் வேண்டி, குனு ஈமாக்ஸின் 19-ஆம் பதிப்பு காலந்தாழ்ந்த நிலையில் தானே ஒரு கிளையை உருவாக்கி 1992-இல் வெளியிட்டது. 1994-இல் லூசிட் நொடித்தது. கிளை எக்ஸ்ஈமாக்ஸ் என்னும் பெயரில் தொடர்ந்தது. இரண்டையும் மீண்டும் இணைக்கும் பேச்சு பலமுறை எழுந்தும் இணையாமைக்குப் பல காரணங்கள் உண்டு. வடிவமைப்பு வேறுபாடும் தனிமனித மனவேறுபாடும் அவற்றுள் அடங்கும். அவையெல்லாம் தீர்ந்திருந்தாலும், எக்ஸ்ஈமாக்ஸில் பலர் சேர்த்த நிரல்களுக்கு ஒப்படைப்புத் தாள் இல்லாமை தீர்ந்திராது. இரண்டும் ஒரே வகை உரிமத்தைக் கொண்டவை. ஆயினும் இங்கிருந்து அங்குச் செல்லமுடிந்த நிரல் அங்கிருந்து இங்கு வரமுடியவில்லை.

பெயரும் வடிவும்

சட்டத்துக்கு வெளியே, செயற்கூறு ஒன்று தனிச்சொத்திலிருந்து பொதுச்சொத்தாவதற்குச் சில சடங்குகள் உண்டு. அவற்றுள் முதலாவது பெயர்மாற்றம். ஈமாக்ஸ் லிஸ்பில் பெயர்களுக்குத் தனித்தனி வெளிகள் இல்லை. எல்லாச் செயற்கூறுகளும் ஒரே களத்தில் வாழ்கின்றன. எனவே ஒவ்வொரு நீட்சியும் தன் செயற்கூறுகள் அனைத்தின் தொடக்கத்திலும் தன் பெயரை முன்னொட்டாக இடுகிறது. ஆர்க் நீட்சியின் செயற்கூறு 'ஆர்க்-' எனத் தொடங்கும். பயனர் தமக்கென எழுதுபவற்றுக்கு ஆங்கிலத்தில் 'என்' என்று பொருள்படும் 'மை' என்னும் முன்னொட்டை இடுவது பரவலான வழக்கம். கொடுக்கும் நாளில் 'மை' நீங்கி நீட்சியின் பெயர் வந்துசேர்கிறது. எழுதியவரின் அடையாளம் செயற்கூற்றிலிருந்து நீங்கி மாற்றப் பதிவேட்டில் தங்கிவிடுகிறது.

அடுத்தது விளக்கவுரையின் ஒழுங்கு. அதன் முதல் வரி தனித்து நிற்கும் முழு வாக்கியமாக இருக்கவேண்டும். ஏவல் வடிவில் அமைவது சிறப்பு. தனி நிரல்கோப்பாகத் தருவதாயின், தலைப்பு வரியில் பெயரும் ஒருவரிப் பொருள்விளக்கமும், பின்னர் உரிமக்குறிப்பும், அதன்பின் எதற்காக எழுதப்பட்டது என்னும் முன்னுரையும் வரவேண்டும். கோப்பின் கடைசி வரி, இக்கோப்பு இங்கு முடிகிறது என்று சொல்லும். வெறும் அலங்காரம் போலத் தோன்றும் இவ்வரிக்கு ஒரு காரணம் உண்டு: கோப்பு வழியில் துண்டிக்கப்பட்டு அரைகுறையாக வந்துசேர்ந்தால், இறுதிவரி இல்லாமையைக் கண்டு பெறுபவர் அதை உணரலாம். சுவடியின் இறுதியில் 'முற்றும்' என்று எழுதிய ஏடெழுதுவோனின் கையை இங்குக் காணலாம்.

இவ்வளவையும் செய்துமுடிக்க ஆகும் உழைப்பு, பலவேளைகளில் செயற்கூற்றை எழுத ஆன உழைப்பைவிட மிகுதி. தமக்கென எழுதும்போது இரண்டு நேர்வுகளை எண்ணினால் போதும். பொதுவுக்குத் தரும்போது, படிக்க மட்டுமே உரிய கோப்பில் என்னாகும், வரியின் இறுதியில் சுட்டி நின்றால் என்னாகும், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் என்னாகும் என்றெல்லாம் எண்ணவேண்டும். வரியை இரட்டிக்கும் கட்டளை இறுதியில் ஈமாக்ஸில் சேர்ந்தபோது, அதனுடன் தேர்ந்தெடுத்த பகுதியை இரட்டிக்கும் இன்னொரு கட்டளையும் சேர்ந்தே வந்தது இதனால்தான் எனலாம்.

அக்கட்டளைகள் சேர்க்கப்பட்ட 'மிஸ்க்' என்னும் கோப்பு தனியே நோக்கத்தக்கது. பொதுவகைக்குள் அடங்காத சில்லறைக் கட்டளைகளின் உறைவிடம் அது. நிரலாளரைப் பகடிசெய்த கேலிச்சித்திரம் ஒன்றில், பட்டாம்பூச்சியின் சிறகசைவால் வட்டின் துணுக்கை மாற்றும் ஈமாக்ஸ் கட்டளை உண்டு என்று நகையாடப்பட்டது. அதன்பின் அப்பெயரில் உண்மையாகவே ஒரு கட்டளையை எழுதி இக்கோப்பில் சேர்த்தனர். கோப்புப் பெயரை மாற்றும் கட்டளைக்கு முன்னரே பட்டாம்பூச்சி ஈமாக்ஸில் குடியேறிவிட்டது.

காப்பகங்களின் தோற்றம்

தொகுப்பியின் உள்ளே இடம்பெறுவது கடினம் எனில், வெளியே ஓர் இடம் வேண்டும். 1980-களின் இறுதியிலிருந்து ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகக் கணினியொன்றில் ஈமாக்ஸ் லிஸ்ப் நிரல்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. அக்காலக் கோப்புகளின் தலைப்பில் அக்காப்பகத்துக்கான பதிவுக்குறிப்பு ஒரு வரியாக இடம்பெற்றிருப்பதை இன்றும் காணலாம். எக்ஸ்ஈமாக்ஸ் தன் 21-ஆம் பதிப்பிலிருந்து நீட்சிகளைத் தனிப்பொதிகளாகப் பிரித்து வழங்கியது. குனு ஈமாக்ஸுக்கு டாம் டிரோமி எழுதிய பொதி மேலாண்மை நிரல் 2012-இல் வெளிவந்த 24.1 பதிப்பில் சேர்ந்தது. அதனையடுத்த காலம் நீட்சிகளின் பெருக்கக்காலம்.

காப்பகங்கள் தாள் கேட்பன, கேளாதன என இருவகையாகப் பிரிந்தன. குனு எல்பாவில் சேரும் பொதிக்கு ஒப்படைப்பு வேண்டும். மெல்பாவில் சேர, பொதி எங்குள்ளது என்பதைக் கூறும் சில வரிச் செய்முறைக்குறிப்பும் தரமறிவோரின் ஒப்புதலும் போதும். பெரும்பான்மையோர் மெல்பாவை நாடியதில் வியப்பில்லை. ஒப்படைப்பு வேண்டாத நான்குனு எல்பா என்னும் காப்பகத்தைக் குனு திட்டமே பின்னர் ஏற்படுத்தி, 2022-இல் வெளிவந்த 28.1 பதிப்பில் இயல்பாகவே இணைத்தது.

ஆர்க் நீட்சியின் வரலாறு இப்பிரிவைத் துலக்கமாகக் காட்டுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் குறிப்புகளையும் பணிகளையும் ஒழுங்குபடுத்த எழுதத் தொடங்கியது ஆர்க். 2007-இல் வெளிவந்த 22.1 பதிப்பில் அது ஈமாக்ஸின் உறுப்பாயிற்று. உறுப்பானவுடன் ஒப்படைப்பு விதி அதற்கும் பொருந்தியது. தாள் தராத பயனர்களின் நிரல்கள் 'கான்ட்ரிப்' என்னும் தனி அடைவில் வைக்கப்பட்டன. ஆர்க்கோடு வரும், ஈமாக்ஸோடு வாரா. 2021-இல் ஆர்க்கின் 9.5 பதிப்பு அவ்வடைவை முற்றாகப் பிரித்து வெளியேற்றியது. வீட்டின் திண்ணையில் நெடுநாள் இருந்தவர்க்குத் தனிவீடு பார்த்துக் கொடுத்தது போன்றது அச்செயல்.

எரிக் ஷுல்ட்டும் டான் டேவிசனும் ஆர்க்குக்கு எழுதிய 'பேபல்' என்னும் பகுதி, ஓர் ஆவணத்துக்குள்ளேயே பல மொழி நிரல்களை இயக்கி முடிவுகளைப் பதியவல்லது. அவர்கள் டொமினிக், தாமஸ் டை ஆகியோருடன் 2012-இல் புள்ளியியல் மென்பொருள் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, ஆய்வு முடிவுகளைப் பிறர் மீண்டும் செய்துபார்க்க இது உதவுவதை விளக்குகிறது. இப்பகுதியோடு 'பேபல் நூலகம்' என்னும் கோப்பும் அமைக்கப்பட்டது. போர்ஹெஸின் கதைத்தலைப்பை நினைவூட்டும் இக்கோப்பில், பயனர்கள் எழுதிய சிறு நிரல்துண்டுகள் பெயரிட்டுச் சேர்க்கப்பட்டன. பெயரைச் சொல்லி அழைத்தால் எந்த ஆவணத்திலிருந்தும் இயங்கும். ஒரு செயற்கூறு மட்டும் தரவிரும்பும் ஒருவருக்கு, நீட்சியாகவும் பொதியாகவும் வளர்க்காமலே அதைத் தர இடமளித்த முயற்சி என்னும் வகையில், 1976-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு மிக அண்மையில் நிற்பது இக்கோப்பே.

உள்ளே திரும்பியவை

வெளியே வளர்ந்தவற்றுள் சில காலப்போக்கில் உள்ளே வந்தன. 2012-இல் மக்னார் ஸ்வீன் எழுதிய 'டேஷ்' நூலகம் பட்டியல்களைக் கையாளும் சிறு செயற்கூறுகளின் திரட்டு. சரங்களைக் கையாள இதே போன்ற திரட்டு ஒன்றும் அவர் எழுதியதே. சரத்தின் இருபுற வெற்றிடத்தை நீக்குவது, சரம் வெறுமையா என நோக்குவது போன்றவை எந்த நிரலாளரும் ஒருநாளில் பத்துமுறை வேண்டுவன. ஈமாக்ஸ் லிஸ்பில் அவை இல்லாமையால் ஒவ்வொரு நீட்சியும் தனக்கென எழுதிவந்தது. 2014-இன் 24.4 பதிப்பு 'சப்ர்-எக்ஸ்' என்னும் கோப்பில் அத்தகைய சிலவற்றைச் சேர்த்தது. நிக்கோலா பெத்தோன் எழுதிய 'செக்' நூலகம் 2016-இல் 25.1 பதிப்போடு வந்தது.

ஜான் வீக்லி 2012-இல் வெளியிட்ட 'யூஸ்-பேக்கேஜ்' வேறுவகைப் படிப்பினை. தொடக்கக் கோப்பை ஒழுங்குபடுத்தும் இந்நீட்சி பெரும்பாலான பயனர்களின் கைக்கருவியாயிற்று. பலர் திருத்தம் அனுப்பினர். தாள் எவரிடமும் கேட்கப்படவில்லை. ஈமாக்ஸில் சேர்க்க விரும்பியபோது, குறிப்பிடத்தக்க பங்களிப்பு நல்கிய ஒவ்வொருவரையும் தேடி ஒப்படைப்புப் பெறவேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கழித்து, வரியை இரட்டிக்கும் கட்டளை வந்த அதே 29.1 பதிப்பில்தான் அது இடம்பெற்றது. இதற்கு நேர்மாறாக, ஜுவாவ் தாவொரா எழுதிய 'எக்ளாட்' 2018 முதல் குனு எல்பாவில் ஒப்படைப்பு விதிக்கு உட்பட்டே வளர்ந்தது. அதே பதிப்பில் தடையின்றி உள்ளே வந்தது. தொடக்கத்தில் தாள் கேட்டது கொடையாளர் சிலரை விலக்கியிருக்கக்கூடும். இறுதியில் கேட்டது ஆண்டுகளை விழுங்கியது.

தமிழ் உள்ளீடு

இம்மரபு தமிழைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. ஜப்பானின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஹண்டா கெனிச்சியும் உடன்பணியாளர்களும் உருவாக்கிய 'மியூல்' என்னும் பன்மொழி நீட்சி 1997-இல் ஈமாக்ஸின் 20-ஆம் பதிப்போடு ஒன்றாயிற்று. அதன் கோப்புகள் பலவற்றில் ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனத்தின் பதிப்புரிமைக்குறிப்பு, பதிவு எண்ணோடு, இன்றும் அறக்கட்டளையின் குறிப்புக்கு அருகில் நிற்கிறது. ஒப்படைப்பு விதி வளைந்துகொடுத்த அரிய இடங்களுள் இது ஒன்று.

மியூலின் உள்ளீட்டு முறைகள் 'குவெய்ல்' என்னும் வடிவில் எழுதப்படுகின்றன. இன்ன விசைத்தொடர் இன்ன எழுத்தாகும் என்னும் விதிகளின் அட்டவணையே அதன் உள்ளீடு. இந்திய மொழிகளுக்கான குவெய்ல் கோப்பை எழுதியவர் கவபாத்தா தைச்சி என்னும் ஜப்பானியர். 'ஐடிரான்ஸ்' ஒலிபெயர்ப்பு முறையிலும் 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகை முறையிலும் தமிழ் உள்ளிட வழி அமைந்தது இவ்வாறே. பின்னாளில் தமிழ் எண்களை இடும் மாற்று வடிவங்கள் இரண்டுக்கும் சேர்ந்தன. பயனரே விதிகளை மாற்றிக்கொள்ளத்தக்க தமிழ் ஒலிபெயர்ப்பு முறையும் அக்கோப்பில் சேர்ந்தது. ௧, ௨, ௩ என்னும் எண்கள் வேண்டும் என்பது கல்வெட்டும் சுவடியும் படிப்பவரின் தேவை. அத்தேவை உடையவர் கேட்டாலன்றி அல்லது எழுதினாலன்றி அது எந்தத் தொகுப்பிக்கும் தோன்றாது.

இன்னும் நுண்ணியது ஒன்று. 'கொ' என்னும் எழுத்து கணினியில் மெய்யெழுத்துக் குறியீடும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். முன்னோக்கி நீக்கும் விசையை அழுத்தினால் முன்பு ககரம் மட்டும் நீங்கி, ஒகரக்குறி தனித்து நிற்கும். 29.1 பதிப்பிலிருந்து அக்கட்டளை எழுத்து முழுவதையும் ஒருசேர நீக்குகிறது. பின்னோக்கி நீக்கும் விசை மட்டும் இன்றும் குறி குறியாகவே நீக்கிச் செல்கிறது. தவறாக இட்ட உயிர்க்குறியை மட்டும் மாற்ற விரும்புவோர்க்கு அதுவே வசதி. முழு எழுத்தையும் பின்னோக்கி நீக்க விரும்புவோர் சில வரிகளில் தமக்கென ஒரு செயற்கூறு எழுதிக்கொள்ளலாம்.